மலைமேல் கிடக்கும் மான்செஸ்டர் புகை: பீட் நிலத்தில் பழைய மாசைத் தேடப் போகிறவர்களுக்கு

மாடித் தோட்டம் வைத்திருப்பவர்களுக்குக் கோகோபீட் தெரிந்திருக்கும். தேங்காய் நார்க்கழிவைக் கட்டியாக அழுத்தி விற்பார்கள். பீட் என்ற பெயர் அதற்கு இரவல்தான். அசல் பீட் வேறு. குளிரும் ஈரமும் விடாத இடங்களில், செத்த செடி முழுசாக மக்க வழியில்லாமல் தண்ணீரில் ஊறிக்கிடக்கும். அதன்மேல் அடுத்த செடி, அதன்மேல் அடுத்தது. இப்படி ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில் ஏறி, சில ஆயிரம் ஆண்டுகளில் இரண்டு மூன்று மீட்டர் கனத்துக்குச் சேர்ந்த கறுப்பு மண்தான் பீட். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் டிக்காஷன் நிறத்தில் தண்ணீர் வழியும்.

நீலகிரியின் மேல்மலைச் சதுப்புகளிலும் பீட் உண்டு. ஆனால் நான் எழுதப்போவது இங்கிலாந்தின் பீக் டிஸ்ட்ரிக்ட் மலைகளைப் பற்றி. மேற்கே மான்செஸ்டர், கிழக்கே ஷெஃபீல்டு, நடுவில் கிண்டர் ஸ்கவுட் (636 மீட்டர்), பிளீக்லோ (633 மீட்டர்) என்று இரண்டு மேட்டுநிலங்கள். பஞ்சாலைப் புகையும் எஃகு உலைப் புகையும் இருபுறமும் இருந்து நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் இந்த மேட்டில் வந்து இறங்கின. புகை நின்றுவிட்டது. இறங்கியது அங்கேயே இருக்கிறது. மேல்மட்ட பீட்டில் ஈயம் கிலோவுக்கு 1,000 மில்லிகிராமைத் தாண்டும் இடங்கள் உண்டு. மனிதன் உலோகம் உருக்கத் தொடங்கும் முன்பு படிந்த அடுக்குகளில் அதே ஈயம் விரல்விட்டு எண்ணுகிற அளவில்தான் இருக்கும்.

இங்கிலாந்துக்குப் படிக்க வந்து, முதுகலை ஆய்வுக்கு இந்தத் தலைப்பை எடுத்துவிட்டு, முதல் நாள் எதைக் கையில் எடுப்பது என்று தெரியாமல் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆய்வகத்தில் செய்கிற தவறுகளைத் திருத்திவிடலாம், மாதிரி மிச்சம் இருந்தால் போதும். மலையில் செய்கிற தவறைத் திருத்த முடியாது. அதிலும் ஒரே ஒரு தவறுதான் பெரும்பாலானவர்களைக் கவிழ்க்கிறது: எந்த ஆழத்தில் எடுத்தோம் என்பதைத் தொலைப்பது. அதனால் இந்த வழிகாட்டி மலையில்தான் அதிக நேரம் நிற்கும்.

ஏன் பீட்?

மேட்டுநில பீட்டுக்கு ஆறும் இல்லை, ஊற்றும் இல்லை. மழையும் காற்றில் வரும் தூசியும் மட்டுமே அதற்கு வரவு. எனவே அதில் இருக்கும் உலோகம் அநேகமாக வானத்திலிருந்து வந்ததுதான். ஏரிச் சேற்றில் இந்த வசதி இல்லை, சுற்றியுள்ள நிலத்து மண்ணும் கலந்துவிடும்.

அடுத்தது ஒட்டும் குணம். பீட்டின் கரிமப் பொருள் ஈயத்தையும் செம்பையும் இறுகப் பிடித்துக்கொள்ளும். துத்தநாகமும் காட்மியமும் அப்படி நிற்காது. பீட்டின் அமிலத்தன்மைக்கு அவை கரைந்து மேலும் கீழும் நகரும். ஆகவே வரலாறு எழுத ஈயத்தை நம்பலாம். துத்தநாகத்தின் வரைபடத்தைப் பார்த்து ‘இந்த ஆண்டில் இந்த ஆலை வந்தது’ என்று எழுதினால் தேர்வாளர் சிரிப்பார்.

இந்த மலைக்கும் புகைக்கும் உள்ள உறவு புதிதாகக் கண்டுபிடித்ததும் அல்ல. ராபர்ட் ஆங்கஸ் ஸ்மித் என்ற வேதியியலாளர் 1852இலேயே மான்செஸ்டர் மழையில் அமிலம் இருப்பதை எழுதினார். ‘அமில மழை’ என்ற சொல்லை 1872இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவரும் அவரே. அந்த மழையின் கந்தகம் மலைமேல் இருந்த ஸ்பேக்னம் பாசியைக் கொன்றது. பீட்டைக் கட்டி எழுப்பியதே அந்தப் பாசிதான். நுண்ணோக்கியில் பார்த்தால் கீழ் அடுக்குகளில் ஸ்பேக்னம் இலைகள் தெரியும். மேலே வர வர, புகைக்கரித் துகள் தோன்றும் மட்டத்தை ஒட்டி அவை காணாமல் போகும். பாசி போனது, அதோடு தீ, ஆட்டு மேய்ச்சல், நடைப்பயணிகளின் கால்கள். போர்வை கிழிந்து, மழைநீர் வெட்டிய கறுப்புப் பள்ளங்கள் விழுந்தன. சேர்த்து வைத்த விஷம் இப்போது அந்தப் பள்ளங்கள் வழியே கீழே இறங்குகிறது. கீழே இருப்பவை குடிநீர்த் தேக்கங்கள்: ஹவ்டன், டர்வென்ட், லேடிபவர்.

கேள்வியைச் சுருக்குங்கள்

‘பீக் டிஸ்ட்ரிக்டில் கன உலோக மாசு’ என்பது ஆய்வுக் கேள்வி ஆகாது. அதற்குப் பதில் எல்லோருக்கும் தெரியும்: இருக்கிறது, நிறைய இருக்கிறது. மூன்று மாதத்தில் முடிகிற கேள்வி இப்படி இருக்கும்: செடி மூடிய மேட்டிலும் பக்கத்திலேயே வெறுமையாகக் கிடக்கும் பீட்டிலும் ஒரு சதுர மீட்டருக்கு எவ்வளவு ஈயம் மிச்சமிருக்கிறது? அல்லது, ஒரு மழை வெள்ளத்தில் ஓடைநீரில் வரும் ஈயம் கரைந்து வருகிறதா, மண்ணோடு ஒட்டி வருகிறதா? அல்லது, தடுப்பு கட்டிய பள்ளத்தில் சேர்ந்த சேற்றில் ஈயம் எந்த ஆழத்திலிருந்து வந்தது?

இந்த மூன்றில் எதையாவது எடுங்கள். முதல் கேள்வி புதியவர்களுக்கு உகந்தது. இரண்டாவதுக்கு மழை உங்கள் அட்டவணைப்படி பெய்ய வேண்டும். பீக் டிஸ்ட்ரிக்ட் அடங்கிய இந்தப் பென்னைன் மலைத்தொடரில் மழைக்குப் பஞ்சமில்லை, ஆனால் நீங்கள் கருவியோடு நிற்கும் நாளில் பெய்யாது.

நாற்காலியில் உட்கார்ந்தே செய்யும் வேலை

ஒரு வாரம் இதற்கு ஒதுக்குங்கள். ஸ்காட்லாந்து தேசிய நூலகம் ஆர்ட்னன்ஸ் சர்வே என்ற அரசு நில அளவைத் துறையின் பழைய வரைபடங்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. பழைய வரைபடத்தையும் இன்றைய வான்படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வசதியும் உண்டு. மேட்டுக்கு மேற்கே உள்ள கிளாசப், ஸ்டேலிபிரிட்ஜ் ஊர்ப் பக்கம் எத்தனை ஆலைகள் இருந்தன என்று அதில் எண்ணிப் பாருங்கள். காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்துதான் வீசும். மீதியை ஊகித்துவிடலாம்.

சுற்றுச்சூழல் முகமையின் லைடார் தரவும் இலவசம். விமானத்திலிருந்து லேசர் பாய்ச்சி எடுத்த உயர வரைபடம் அது. அரிப்புப் பள்ளங்கள் கைரேகை போலத் தெரியும். சமதள மேட்டில் கிளைகிளையாகப் பிரிந்து பின்னிக் கிடப்பவை ஒரு வகை, சரிவில் நேர்கோடாக இறங்குபவை இன்னொரு வகை. மார்கரெட் பவர் என்ற ஆய்வாளர் 1960களின் தொடக்கத்தில் செய்த இந்தப் பிரிவினையை இன்றும் எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். உங்கள் இடம் எந்த வகை என்று முதலிலேயே எழுதிவைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஒவ்வொரு பக்கத்திலும் தேவைப்படும்.

மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தார் பல ஆண்டுகள் அளந்த அப்பர் நார்த் கிரெயின் என்ற சிறு நீர்ப்பிடிப்பு, ஸ்னேக் பாஸ் சாலைக்குப் பக்கத்தில் இருக்கிறது. பீட்டில் உள்ள ஈயம் அரிப்போடு எப்படிக் கிளம்புகிறது என்பதற்கான அடிப்படைக் கட்டுரைகள் பலவும் அங்கிருந்து வந்தவை. அவற்றைப் படித்து முடிக்காமல் மலையேறாதீர்கள். அவர்கள் பல ஆண்டுகளுக்கு முன்பே விடை சொன்ன கேள்வியோடு திரும்பி வருவீர்கள்.

அனுமதி

இதைத்தான் எல்லோரும் கடைசியில் நினைப்பார்கள். 1932 ஏப்ரல் 24 அன்று கிண்டர் ஸ்கவுட்டில் தொழிலாளர்கள் கூட்டமாக அத்துமீறி ஏறி நடக்கும் உரிமை கேட்டார்கள், சிலர் சிறைக்கும் போனார்கள். இன்று அங்கே நடக்க யாரையும் கேட்க வேண்டாம். ஆனால் நடப்பது வேறு, தோண்டுவது வேறு. நிலத்துக்குச் சொந்தக்காரர் இருப்பார்: நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை, தண்ணீர் நிறுவனம், தனியார் பண்ணை என்று யாராவது. மேட்டின் பெரும்பகுதி சட்டப் பாதுகாப்புப் பெற்ற அறிவியல் முக்கியத்துவ இடம் என்பதால் நேச்சுரல் இங்கிலாந்து என்ற அரசு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் ஒப்புதலும் வேண்டும். அவர்கள் முடிவு சொல்ல சட்டப்படி நான்கு மாதம் எடுத்துக்கொள்ளலாம். ஜூனில் மாதிரி எடுக்க நினைப்பவர் மே மாதம் கடிதம் எழுதினால் கதை முடிந்தது.

கடிதத்தில் எத்தனை துளை, ஒவ்வொன்றும் எவ்வளவு அகலம், என்ன ஆழம், எப்படி மூடுவீர்கள் என்று எண்ணோடு எழுதுங்கள். மார்ச் முதல் ஜூலை வரை தரையில் கூடு கட்டும் பறவைகளின் காலம். அதைத் தவிர்க்கிறேன் என்று நீங்களே முன்வந்து எழுதினால் பாதி வேலை முடிந்த மாதிரி.

பையில் என்ன?

ரொட்டி வெட்டும் கத்தி. சிரிக்காதீர்கள், பல் வைத்த நீளமான ரொட்டிக் கத்திதான் பீட் வெட்ட மிக நல்ல கருவி. அதன் எஃகு குரோமியம், நிக்கல் கணக்கைக் கெடுக்கலாம், ஈயத்துக்குப் பிரச்சினை இல்லை. அப்புறம், வீட்டு மழைநீர்ப் பிளாஸ்டிக் குழாயை நீளவாக்கில் பாதியாக அறுத்தது (எடுத்த மண்தூணைக் கிடத்திக் கொண்டுவர), க்ளிங் ஃபிலிம், ஜிப் பைகள், மடக்கு அளவுகோல், பென்சில், நீர்புகாத நோட்டு. பேனா மழையில் கரையும், மார்க்கர் குளிரூட்டியில் உரியும். என் முதல் களநாளில் பன்னிரண்டு பைகளின் எண்களும் அழிந்து, எது மேல் எது கீழ் என்று தெரியாமல் அத்தனையும் குப்பைக்குப் போனது. அன்றிலிருந்து வெளியே ஒரு எண், பைக்குள் பென்சிலில் எழுதிய சீட்டு ஒன்று, நோட்டில் ஒன்று என்று மூன்று இடத்தில் எழுதுகிறேன்.

துளைக்கருவியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பீட் ஆய்வென்றால் எல்லோரும் ரஷ்யன் கோரரைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார்கள். அரைவட்டக் குழல் ஒன்றை ஆழத்துக்கு இறக்கி, கைப்பிடியைத் திருப்பினால் அரை மீட்டர் மண்தூண் சிக்கும். கீழ் அடுக்குகளுக்கு அருமையான கருவி. ஆனால் தொழிற்காலத்து மாசு பெரும்பாலும் மேல் இருபது முப்பது சென்டிமீட்டரில்தான் இருக்கிறது. அங்கே வேரும் நாரும் பஞ்சு மாதிரி இருக்கும், கருவி அதை வெட்டாமல் அமுக்கும். பத்து சென்டிமீட்டர் எட்டாகிவிட்டால் உங்கள் நூறாண்டு எண்பதாகிவிடும். எனவே மேல் பகுதிக்கு ரஷ்யன் கோரர் வேண்டாம். பெட்டி வடிவ வார்டனார் கோரர் துறையில் இருந்தால் கடன் கேளுங்கள். இல்லையென்றால் அரிப்புப் பள்ளத்தின் சுவரையே பயன்படுத்துங்கள். முகத்தை ஒரு சாண் உள்ளே வரை செதுக்கித் தள்ளிவிட்டு, புதிதாகத் தெரியும் சுவரில் ரொட்டிக் கத்தியால் செவ்வகத் தூணாக அறுத்து எடுங்கள். பழைய முறை, கருவிச் செலவும் இல்லை. ஒரு குறை உண்டு: பள்ளத்தின் ஓரம் வறண்டு, சுருங்கி, தண்ணீர் மட்டம் தாழ்ந்த இடம். மேட்டின் நடுவில் எடுத்ததோடு அதை நேராக ஒப்பிட முடியாது. எந்த இடத்தில் எடுத்தீர்கள் என்று ஒளிக்காமல் எழுதுங்கள், அவ்வளவுதான்.

மலையில்

இருவராகப் போங்கள். மேட்டின் தலை சமதளம், அடையாளம் இல்லாத நிலம். பனிமூட்டம் இறங்கினால் பத்தடி தள்ளி நிற்பவர் தெரியமாட்டார். கைபேசி சிக்னல் இருக்கும், இருக்காது. காகித வரைபடமும் காம்பஸும் வேண்டும், பயன்படுத்தவும் தெரிந்திருக்க வேண்டும். ஆபத்தென்றால் 999 அழைத்துப் போலீஸ் கேட்டு, பிறகு மலை மீட்புக் குழு என்று சொல்ல வேண்டும். நம் ஊர்க்காரர்கள் இங்கே ஏமாறுவது குளிரில் அல்ல, இருட்டில். டிசம்பரில் நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். உண்ணிகள் உண்டு, லைம் நோய் பரப்பும். வீடு திரும்பியதும் முழங்காலுக்குப் பின்புறம் பாருங்கள்.

இடம் தேர்ந்தெடுக்கும்போது பாதையிலிருந்து விலகுங்கள். பென்னைன் வே நடைபாதையில் பதித்திருக்கும் பெரிய கற்பலகைகள் பல, இடித்த பஞ்சாலைகளின் தரையிலிருந்து வந்தவை. எந்த ஆலைகளின் புகை இந்த மண்ணைக் கெடுத்ததோ அவற்றின் தரையே இப்போது அதே மண்ணுக்கு மேல் காப்பாகக் கிடக்கிறது. முதல்முறை இதைக் கேட்டபோது நான் கொஞ்ச நேரம் அந்தக் கல்மேலேயே உட்கார்ந்துவிட்டேன். பிளீக்லோவில் 1948இல் விழுந்த அமெரிக்க பி-29 விமானத்தின் சிதைவுகளும் அப்படியே கிடக்கின்றன. பதின்மூன்று பேர் இறந்த இடம், நினைவிடமும் இருக்கிறது. மரியாதைக்காக விலகி நில்லுங்கள், உலோக மாதிரிக்காகவும் விலகி நில்லுங்கள்.

சரி, இடம் பிடித்தாயிற்று. முதலில் படம். துளை போடும் முன், அளவுகோல் வைத்து, வடதிசை தெரியும்படி. பிறகு செடியின் வகை, தரைமட்டத்திலிருந்து தண்ணீர் எவ்வளவு ஆழத்தில், சரிவு, கட்டப் புள்ளி எண் (வரைபடக் கட்டத்தில் இடத்தைக் காட்டும் எண்).

பிறகு மேல்மட்டம் எது என்று முடிவுசெய்யுங்கள். இது எளிது போலத் தோன்றும், எளிதல்ல. பாசியும் புல்லும் எங்கே முடிகிறது, பீட் எங்கே தொடங்குகிறது? உயிருள்ள பச்சை முடிந்து பழுப்பு தொடங்கும் இடத்தைச் சுழியம் என்று நான் வைப்பேன். நீங்கள் வேறு மாதிரி வைக்கலாம், ஆனால் எல்லாத் தூணிலும் ஒரே மாதிரி வையுங்கள். துளையின் ஆழத்தையும் எடுத்த தூணின் நீளத்தையும் தனித்தனியே அளந்து எழுதுங்கள். துளை முப்பது, தூண் இருபத்தேழு என்றால் மூன்று சென்டிமீட்டர் அமுங்கியிருக்கிறது. அதைக் களத்திலேயே பார்த்துவிட்டால் இன்னொன்று எடுக்கலாம்.

வெறும் பீட்டில் எடுக்கும்போது இன்னொரு பொறி இருக்கிறது. கறுப்பாக, வழவழவென்று கிடக்கும் அந்த மேற்பரப்பு இன்றைய மேற்பரப்பு அல்ல. மேலே இருந்தது அரித்துப் போய்விட்டது. நீங்கள் கால் வைத்திருக்கும் மட்டம் பல நூற்றாண்டுக்கு முந்தையதாகவும் இருக்கலாம். அங்கே ஈயம் குறைவாக வந்தால் ‘இங்கே மாசு குறைவு’ என்று எழுதத் தோன்றும். உண்மையில் மாசு அங்கேயும் விழுந்தது, ஆனால் ஏற்கெனவே கீழே போய்விட்டது. வெறும் நிலத்தின் குறைந்த எண் நல்ல செய்தி அல்ல.

முடிந்ததும் துளையை மூடி, புல்தரையை அதன் இடத்தில் வைத்து மிதித்துவிடுங்கள். அடுத்த இடத்துக்குப் போகும் முன் காலணியையும் கத்தியையும் கழுவுங்கள்.

ஆய்வகத்தில்

தூணை முழுசாக உறையவைத்து, உறைந்த நிலையிலேயே ஒவ்வொரு சென்டிமீட்டராக அறுங்கள். ஈரமாக இருக்கும்போது அறுத்தால் பிதுங்கும். ஒவ்வொரு துண்டின் வெளி விளிம்பையும் சீவி எறியுங்கள், கத்தி மேலிருந்து கீழே இழுத்துக்கொண்டு வந்த அழுக்கு அதில்தான் இருக்கும்.

துண்டின் கன அளவைத் தெரிந்துகொண்டு ஒரு பகுதியை 105 டிகிரியில் உலர்த்தி எடை பாருங்கள். எடையைக் கன அளவால் வகுத்தால் வருவதுதான் பரும அடர்த்தி. சலிப்பான வேலை, பலர் விட்டுவிடுவார்கள், நீங்கள் விடாதீர்கள். காரணம் கீழே வருகிறது. பாதரசம் அளக்கப் போகிறீர்களென்றால் அந்தப் பகுதியை அடுப்பில் வைக்கக் கூடாது, ஆவியாகிவிடும். உறைநிலையில் உலர்த்த வேண்டும். இன்னொரு பகுதியை 550 டிகிரியில் எரித்தால் கரிமப் பொருள் எவ்வளவு, சாம்பல் எவ்வளவு என்று தெரியும். நல்ல மேட்டுநில பீட் ஏறக்குறைய முழுசாக எரிந்துவிடும். சாம்பல் திடீரென்று கூடினால் தூசியோ மணலோ அடித்து வந்த அடுக்கு என்று சந்தேகப்படுங்கள்.

உலோகத்துக்கு இரண்டு வழி. எக்ஸ்-கதிர் பாய்ச்சி உலோகத்தை அளக்கும் எக்ஸ்-ஆர்-எஃப் கருவி மாதிரியை அழிக்காது, வேகமானது, செலவு குறைவு. ஆனால் ஈர பீட்டின்மேல் அதை நீட்டி அளக்காதீர்கள். பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர், எண் குறைந்து காட்டும். உலர்த்தி, அரைத்து, பிறகு அளங்கள். இரண்டாவது, நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, கரைசலில் உள்ள உலோகத்தை அளக்கும் ஐ.சி.பி. கருவியில் கொடுப்பது. ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு வெற்று மாதிரி (பீட் இல்லாமல் அமிலம் மட்டும்), இரண்டாம்முறை அளக்க ஒரு மாதிரி, உலோக அளவு முன்பே தெரிந்த, சான்றளிக்கப்பட்ட ஒப்பீட்டு மாதிரி ஒன்று கட்டாயம். ஒப்பீட்டு மாதிரி பீட்டாகவே இருந்தால் நல்லது, ஆற்றுச் சேற்று மாதிரியை வைத்து பீட்டைச் சோதிப்பது பொருந்தாது. ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் தேவைப்படும் முறையை முதல் ஆய்விலேயே தொடாதீர்கள்.

அந்த ஒரு கணக்கு

பீட்டின் பரும அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 0.1 கிராம் என்று வைத்துக்கொள்வோம், வழக்கமான அளவுதான். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு சென்டிமீட்டர் கனத்துக்குச் சீவினால் உலர்ந்த பீட் எவ்வளவு? சரியாக ஒரு கிலோ. ஆக, கிலோவுக்கு 500 மில்லிகிராம் ஈயம் என்று கருவி சொன்னால், அந்த ஒரு சென்டிமீட்டர் போர்வையில் சதுர மீட்டருக்கு 500 மில்லிகிராம் இருக்கிறது. ஒரு ஹெக்டேருக்குப் பெருக்கினால் 5 கிலோ. ஒரு ஹெக்டேர் வெறும் பீட் ஒரே ஒரு சென்டிமீட்டர் அரித்தால் ஓடைக்குப் போகிற ஈயம் அவ்வளவு.

இதே கணக்கு இன்னொரு தவறையும் காட்டும். சாதாரண மண்ணின் அடர்த்தி 1.3 அளவில் இருக்கும். பீட்டில் கிலோவுக்கு 1,000 மில்லிகிராம் என்பதும் சாதாரண மண்ணில் ஏறக்குறைய 77 மில்லிகிராம் என்பதும், ஒரே கன அளவுக்குள் ஒரே அளவு ஈயம்தான். பீட் லேசானது என்பதால் எண் பூதாகரமாகத் தெரிகிறது. தோட்டமண்ணுக்கு வகுத்த வரம்போடு பீட்டின் எண்ணை நேராக வைத்து ‘பத்து மடங்கு ஆபத்து’ என்று தலைப்புப் போடுவதைப் பார்த்திருக்கிறேன். செறிவை மட்டும் சொல்லாமல், ஒவ்வொரு அடுக்கையும் அடர்த்தியால் பெருக்கிக் கூட்டி, சதுர மீட்டருக்கு மொத்தம் எவ்வளவு என்றும் சொல்லுங்கள். இரண்டு இடங்களை ஒப்பிடத் தகுந்த எண் அதுதான்.

எந்த ஆண்டில் விழுந்தது?

ஈயம்-210 என்ற கதிரியக்க ஐசோடோப்பு (எடையில் வேறுபட்ட ஒரு வகை ஈய அணு) காற்றிலிருந்து தொடர்ந்து விழுகிறது. அரை ஆயுள் 22 ஆண்டுகள், அதனால் ஏறக்குறைய 150 ஆண்டுகள் வரை பின்னோக்கிப் போகலாம். சீசியம்-137க்கு அணுகுண்டுச் சோதனைகளின் 1963, செர்னோபிலின் 1986 என்று இரண்டு உச்சங்கள் கிடைக்க வேண்டும். ஆனால் அமில பீட்டில் சீசியம் அலையும், செடிகள் மேலே உறிஞ்சிக்கொள்ளும். அதை மட்டும் நம்பி வயது போடாதீர்கள்.

காசில்லாத மாணவருக்கு நான் சொல்வது உருண்டைக் கரித்துகள். நிலக்கரியும் எண்ணெயும் மிக உயர்ந்த வெப்பத்தில் எரியும்போது மட்டுமே உருவாகும் கறுப்புக் குண்டுமணிகள் அவை. காட்டுத்தீயில் உண்டாகாது. நுண்ணோக்கியும் பொறுமையும் போதும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் தலைகாட்டும், 1950களை ஒட்டிச் சட்டென்று ஏறும், 1970களிலோ எண்பதுகளிலோ உச்சம் தொட்டு இறங்கும். 1956இன் தூய காற்றுச் சட்டத்துக்குப் பிறகும் ஏன் ஏறுகிறது என்று குழம்புவீர்கள். அந்தச் சட்டம் ஊருக்குள் இருந்த புகையைக் குறிவைத்தது. அதன்பின் பெரிய மின்நிலையங்களின் உயரமான புகைபோக்கிகள் வேலையைத் தொடர்ந்தன.

ஈயம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் ஈயம்-206, ஈயம்-207 ஐசோடோப்புகளின் விகிதம் பாருங்கள். பிரிட்டன் தாதுவும் நிலக்கரியும் 1.18 பக்கம் இருக்கும். கார் பெட்ரோலில் கலந்த ஈயத்தில் ஆஸ்திரேலியத் தாது நிறைய, அது 1.04 பக்கம். ஆகவே மேலடுக்குகளில் விகிதம் இறங்கினால் பெட்ரோல் வந்துவிட்டது என்று அர்த்தம். பிரிட்டனில் ஈய பெட்ரோலின் பொது விற்பனை 1999 முடிவோடு நின்றது. நிலக்கரியையும் உள்ளூர்த் தாதுவையும் இந்த ஒரு விகிதத்தால் பிரிக்க முடியாது, முயலாதீர்கள். கீழே போகப் போக ஈயம் சட்டென்று சுழியம் ஆகாததையும் கண்டு பயப்பட வேண்டாம். இந்த மலைகள் இருக்கும் டெர்பிஷரில் ரோமானியர்களே ஈயம் உருக்கினார்கள், லுடுடாரும் என்ற முத்திரை குத்திய அவர்களது ஈயப் பாளங்கள் கிடைத்திருக்கின்றன. ‘தொழிற்காலத்துக்கு முந்தைய’ என்பதும் ‘இயற்கையான’ என்பதும் இங்கே ஒன்றல்ல.

ஓடைப் பக்கம் போகிறவர்களுக்கு

சுருக்கமாகச் சொல்கிறேன். தண்ணீரை 0.45 மைக்ரான் வடிகட்டியில் விட்டு, மேலே நின்றதையும் கீழே இறங்கியதையும் தனித்தனியே அளக்க வேண்டும். மழை வெள்ளத்தில் ஈயம் பீட் துகளோடு ஒட்டி வரும். அமைதியான நாளில் தண்ணீரின் பழுப்பு நிறத்துக்குக் காரணமான கரைந்த கரிமப் பொருளைப் பிடித்துக்கொண்டு வரும். மாதம் ஒருமுறை போய் ஒரு பாட்டில் எடுத்தால் வெள்ளம் முழுக்க உங்கள் கையிலிருந்து தப்பிவிடும். தானியங்கி மாதிரியெடுப்பான் இல்லாமல் இந்தக் கேள்வியைத் தொடாமல் இருப்பது நல்லது.

நீண்ட வறட்சிக்குப் பின் வரும் முதல் மழையைக் குறித்துவையுங்கள். தண்ணீர் மட்டம் தாழ்ந்தால் பீட்டுக்குள் காற்று புகும், அங்கே அடைந்து கிடந்த கந்தகம் சல்பேட்டாக மாறும். அடுத்த மழையில் அமிலமும், கூடவே துத்தநாகம் போன்ற நகரும் உலோகங்களும் கிளம்பிவரும். ஆலைகள் மூடிப் பல பத்தாண்டுகள் ஆன பிறகும் அமில மழைக் காலத்து ஓடைநீர் ஒரு வாரத்துக்குத் திரும்பி வரும்.

தீ இன்னும் மோசம். 2018 ஜூனில் மான்செஸ்டருக்குக் கிழக்கே உள்ள சாடில்வொர்த் மேடு பற்றியெரிந்தபோது ராணுவ வீரர்களை உதவிக்கு அழைக்க வேண்டியிருந்தது. பீட் எரிந்தால் கரிமம் போய்விடும், அது பிடித்துவைத்திருந்த உலோகம் சாம்பலில் செறிந்து நிற்கும், அந்தச் சாம்பல் காற்றுக்கும் மழைக்கும் லேசாகக் கிளம்பும். எரிந்த இடத்தில் வேலை செய்வதென்றால் முகக்கவசம் போடுங்கள், உங்கள் அனுமதிக் கடிதத்திலும் அதை எழுதுங்கள்.

சீரமைத்த இடங்களில்

2003இலிருந்து மூர்ஸ் ஃபார் தி ஃபியூச்சர் என்ற கூட்டமைப்பு இந்த மேடுகளில் சுண்ணாம்பும் உரமும் போட்டுப் புல் வளர்த்து, பள்ளங்களில் கல், மரம், செடிக்கட்டு ஆகியவற்றால் தடுப்புக் கட்டி, ஸ்பேக்னம் நட்டுவருகிறது. நல்ல வேலை. அங்கே மாதிரி எடுக்கும் முன் இரண்டு விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள்: எந்த ஆண்டு சுண்ணாம்பு போட்டார்கள், எவ்வளவு போட்டார்கள். சுண்ணாம்பு விழுந்த மேல் சென்டிமீட்டரின் அமிலத்தன்மை இயல்பானது அல்ல. தடுப்புக்குப் பின்னால் சேர்ந்த சேறு தலைகீழான புத்தகம் என்பதையும் மறக்காதீர்கள். மேட்டில் மேலே இருந்த மாசடைந்த மண் முதலில் அரித்து வந்து அடியில் கிடக்கும், பழைய சுத்தமான பீட் பிறகு வந்து அதன்மேல் படியும். அதில் ஈயம் அடியில் அதிகமாக வந்தால் பைகள் மாறிவிட்டதென்று பதறி எல்லாவற்றையும் திருப்பி அடுக்க வேண்டாம்.

கடைசியாக, ஒவ்வொரு தூணையும் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து ஒரு பாதியை மட்டும் செலவழியுங்கள். மற்றொரு பாதியைக் க்ளிங் ஃபிலிமில் சுற்றி, தலைப்பக்கம் எது என்று அம்புக்குறி போட்டு, கட்டப் புள்ளி எண்ணும் தேதியும் எழுதிய பென்சில் சீட்டை உள்ளே வைத்து, துறையின் உறைபெட்டியில் போடுங்கள். பெட்டியின் வெளியே உங்கள் பெயரை மட்டும் எழுதாதீர்கள், மேற்பார்வையாளர் பெயரையும் எழுதுங்கள். நீங்கள் ஊர் திரும்பிய பிறகு, இடம் போதவில்லை என்று யாராவது உறைபெட்டியைக் காலிசெய்யும்போது, முகம் தெரியாத மாணவரின் பொருள்தான் முதலில் வெளியே போகும்.